அண்ணன் பெயரில் மதினியின் ரத்தம்

என் மதினி யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை. குரலை உயர்த்த மாட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள், பிடிக்காதவர்கள் வீட்டுக்கு வந்தாலும் காப்பி போட்டுக் கொடுப்பாள். ஆனால் யார் என்ன சொன்னார்கள், எங்கே நின்று சொன்னார்கள், அப்போது பக்கத்தில் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவள் மனதில் அப்படியே இருக்கும். உரிய நாள் வரும்போது எடுத்துப் பரிமாறுவாள். இப்போது அவளும் இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். இருந்திருந்தால் இதையும் மனதில் வைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் விஞ்ஞானி. ரத்தத்தில் இருக்கிற புரதங்களை அளந்து என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தாள். என் பெரியண்ணன் தென்காசியில் இருந்துகொண்டு வீரகேரளம்புதூர்ப் பக்கம் இருந்த வயலைப் பார்த்துக்கொண்டான். லீவு விட்டால் இவள் வருவாள், அறுப்பு முடிந்தால் அவன் போவான். புருஷன் ஓரிடம் பெண்டாட்டி ஓரிடமா என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அவர்கள் கல்யாணப் பந்தலில் எங்கள் அத்தை வீட்டு மாமா ஒரு காரியம் செய்தார். "பொம்பளப் புள்ளைக்கு ரத்தத்துல என்னவே ஆராய்ச்சி? கொசுவுக்குப் பொறந்தவளா?" என்று சத்தமாகக் கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மதினியும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்த மாமாவுக்குப் பிற்பாடு சர்க்கரை வந்தது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மதினி கொண்டுவந்திருந்த சின்ன மெஷினில் அவரே பெருமைக்கு விரலை நீட்டி ரத்தம் கொடுத்தார். மறுநாள் சாப்பாட்டுப் பந்தியில், "நான் இனிப்பத் தொட்டு வருசம் ஆச்சு. மனக்கட்டுப்பாடு வேணும். வேணும்னா எங்க மருமவகிட்டயே கேளுங்க" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். வலியக் கேட்டு வாங்கியது அவர்தான்.

மதினி இலையிலிருந்து நிமிர்ந்தாள். "மாமா, நேத்து ஒரு நாள் பட்டினி கிடந்தா சர்க்கரைய ஏமாத்தலாம். ஆனா ரத்தத்துல சிவப்பா இருக்கே ஒரு புரதம், அதுல ஒட்டுன இனிப்பு மூணு மாசத்துக்குப் போவாது. தெனமும் முந்திரிக்கொத்து உள்ள போயிருக்கு" என்றாள். "எந்த ரத்தம் இனிக்கும்னு கொசுவுக்குத் தெரியும்லா மாமா" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டாள்.

அவள் பழிவாங்கலில் ஒரு சுத்தம் உண்டு. பொய் துளி கலக்க மாட்டாள். உண்மையை மட்டும் எடுத்து, எந்த நேரத்தில் வைத்தால் அதிகம் வலிக்குமோ அந்த நேரத்தில் வைப்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆய்வகத்தில் தினமும் காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். 'கண்ட்ரோல்' என்பார்கள். "மெஷின் இன்னிக்குப் பொய் சொல்லுதா இல்லையான்னு மொதல்ல தெரியணும்ட்டி" என்பாள். மனிதர்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்வாள். தனக்குப் பதில் தெரிந்ததைத்தான் முதலில் கேட்பாள். நான் மீன் வாங்கியதைப் பார்த்துவிட்டே வந்து, "இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போனியாட்டி?" என்பாள். "ஆமா மதினி, நான் நல்ல மெஷின்தான். அடுத்த கேள்விய கேளுங்க" என்று நானும் விடமாட்டேன்.

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன். நினைத்தால் இன்றும் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

தை மாதம் அண்ணனுக்கு இடுப்பு வலி வந்தது. வயலில் குனிந்து நிமிர்ந்த வலி என்று நினைத்தான். டாக்டர் ரத்தத்தில் புரதம் முதலான சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். தென்காசியில் அப்போது பெரிய லேப் என்றால் ஒன்றுதான். அதன் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். நெற்றி நிறைய விபூதி, மெல்லிய குரல், தேரோட்டத்துக்கு மோர்ப்பந்தல் போடுகிற தர்மவான். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் கொடுத்தார். அண்ணன் அதை ஃபோட்டோ எடுத்து மதினிக்கு அனுப்பினான். அவள் பார்த்துவிட்டு ஃபோனில் சொன்னாள்: "ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. வெறும் சுளுக்குதான். குத்தாலத்துல போயி எண்ணெ தேச்சுக்கிடுங்க."

அவன் போனான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் முழங்கையை ஊன்றி அழுத்தியபோது என் அண்ணனின் முதுகெலும்பு நொறுங்கியது. அவன் கத்திய கத்தலில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் நின்றவர்களெல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள் என்று சொன்னார்கள்.

அது மஜ்ஜையில் வருகிற ஒரு புற்றுநோய். அந்த நோயில் ஒரே ஒரு புரதம் மட்டும் ரத்தத்தில் கன்னாபின்னாவென்று பெருகும், எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போகும். அந்தப் புரதத்தை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்குத்தான் மதினி தன் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கினாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் ரத்தத்தில் அதைப் பிடித்துக் கொடுத்தவள், கட்டினவனை எண்ணெய் தேய்க்க அனுப்பினாள். பெங்களூரில் அவன் ரத்தத்தை அவளே வைத்துப் பார்த்தாள். மின்சாரம் விட்டுப் புரதங்களைப் பிரித்த பட்டையில் அந்தக் கோடு கறுப்பாக நின்றதாம். அத்தனை பெரிய கோடு இரண்டு மாதத்தில் வருவது இல்லை, தை மாதமும் அங்கே இருந்திருக்கும் என்றாள்.

ஆனால் அதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாசி மாதம் அண்ணனை ஆம்புலன்ஸில் கூட்டிப்போக வந்தவள், வண்டி வருவதற்குள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த லேபுக்குப் போனாள். "நானும் இதே தொழில்தான் அண்ணாச்சி. ஒங்க மெஷினப் பாக்கணும்" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். ஏசி அறையைத் திறந்து காட்டினார். பெரிய மெஷின்தான். சரஸ்வதி பூஜைக்குப் போட்ட மாலை அதன்மேல் காய்ந்து சருகாகக் கிடந்தது. மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில், இரண்டின்மேலும் படுகிற மாதிரி மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். புரட்டாசியில் வைத்த சந்தனம். மாசியிலும் அதில் ஒரு கீறல் இல்லை.

"அண்ணாச்சி, இந்த மூடியத் தொறக்காம ரத்தத்த எப்படி உள்ள வைப்பீய?" என்று மதினி கேட்டாள்.

"இது ஆட்டோமேட்டிக் மேடம்" என்றார் அவர்.

மதினி தலையாட்டினாள். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, "எல்லாத்தையும் கீழ கொட்டிட்டு, அவன் மனசுக்குத் தோணுன நம்பர டைப் அடிக்கான்ட்டி" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அண்ணன் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் மதினி வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து, அண்ணாச்சி லேபுக்கு நேர் எதிரே ஒரு மாடியைப் பிடித்துத் தன் லேபைத் திறந்தாள். வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. பெங்களூர் விஞ்ஞானி சொந்த ஊருக்குச் சேவை செய்ய வந்திருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சேவையாவது கத்திரிக்காயாவது. அவள் அண்ணாச்சி கண் முன்னால் இருக்க வந்தாள்.

முதலில் முறைப்படி புகார் கொடுத்தாள். அதிகாரிகள் வருகிறார்கள் என்பது எதிர் லேப்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. மாலையைக் கழற்றி, மூடியைத் துடைத்து, பளபளவென்று வைத்திருந்தார்கள். வந்தவர்கள் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இனி என்ன மதினி செய்யது?" என்றேன்.

"சீல் வச்சிருந்தாலும் நாளைக்கு வேற பேருல தொறப்பான். அது இல்லட்டி எனக்கு வேண்டியது. 'ஒங்க வீட்டுக்காரர் ரத்தத்தக் கொட்டிட்டேன்'னு அவன் வாயால சொல்லணும். நாலு பேரு முன்னால சொல்லணும். நான் அதக் கேக்கணும்."

அதிலிருந்து அவள் அதற்காகத்தான் சாப்பிட்டாள், அதற்காகத்தான் தூங்கினாள். சாப்பாடு பெயருக்குத்தான். தட்டில் ஒரு கரண்டிக்கு மேல் விழ விடமாட்டாள்.

அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு என் சின்னண்ணன் குற்றாலத்தில் பெரியண்ணனுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனான். சாரலில் கூட்டம் நெரியும், சீக்கிரம் கிளம்புங்கள் மதினி என்று வந்து கூப்பிட்டான். "எள்ளும் தண்ணியும் நீங்க விடுங்க. நான் ரத்தம் விடுதேன்" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

அவன் போனதும் தன் கையிலிருந்து தானே ரத்தம் எடுத்தாள். குழாயில் அண்ணன் பெயரை ஒட்டினாள். பெயர், வயது, ஆண். இலஞ்சியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேப்களுக்குக் கொடுக்கிற நர்ஸ் ஒருத்தி வழியாக அதை எதிர் லேபுக்கு அனுப்பினாள். கேட்ட பரிசோதனை பி.எஸ்.ஏ. ஆண்களுக்கு மட்டுமே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வருகிற புரதம் அது. பெண்ணுக்கு அந்தச் சுரப்பியே கிடையாது. மதினி ரத்தத்தில் தேடினால் இருக்கிற இடமே தெரியாது.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. அந்த வயது ஆணுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. நார்மல்.

மதினி வாய்விட்டுச் சிரித்தாள். "ஒங்க அண்ணன் செத்த பொறவும் சொகமாத்தான் இருக்காரு, பாத்தியாட்டி" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பக்கத்தில் இருக்கவே பயமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் செத்துப்போன என் அண்ணன் எதிர் லேபில் ரத்தம் கொடுத்தான். ஒரு தடவைகூட அவனுக்கு நோய் வரவில்லை.

ஒரு ரிப்போர்ட்டை மட்டும் அவள் ஊர் டாக்டர்களிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "இது என் ரத்தம், எனக்குப் புராஸ்டேட் நல்லா இருக்காம்" என்றாள். ஒவ்வொருவராக அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். ராயகிரி, திருவேங்கடம் பக்கமிருந்து வருகிறவர்கள் மட்டும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பார்த்துவிட்டு யார் வந்தாலும் மதினி மறுபடி சும்மாவே பார்த்துக் கொடுத்தாள். அண்ணாச்சி அசைந்து கொடுக்கவில்லை. நேரில் கேட்ட டாக்டரிடம், "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம். அவர் வாய் திறக்கப்போவதில்லை என்று நான் நம்பிக்கை இழந்துவிட்டேன். மதினி இழக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதம் ஒருநாள் காலையில், வெறும் வயிற்றோடு வந்தவர்களால் எங்கள் ஹால் நிறைந்திருந்தபோது, அண்ணாச்சி படியேறி வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி வந்தார். டோக்கனை அந்த ஆள் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு. அந்த அம்மாள் பாவம், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணு மாசமா இடுப்பு வலி தாயி. குத்தாலத்துல போயி எண்ணெ தேய்க்கேன்னு சொல்லுதேன், இவிய விடவே மாட்டேங்காவ. எலும்பு முறிஞ்சிரும்ங்காவ" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. அப்படியானால் இந்த ஆளுக்கு என் அண்ணனுக்கு நடந்தது தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துதான் மோர்ப்பந்தல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மதினி வந்தாள். அந்த அம்மாளை உட்காரவைத்து, "பயப்படாதீய, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தானே ரத்தம் எடுத்தாள். பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டாள். அவள் எழுந்தபோது அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு வழியில் நின்றார்.

"மேடம், பழச மனசுல வச்சுக்கிட்டு மாத்தி கீத்தி எழுதிராதீய."

அவர் அப்படித்தானே நினைப்பார். தான் செய்வதை ஊரே செய்யும் என்று நினைக்கிற ஆள்.

"மாத்தி எழுதுததா? அது எப்படின்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி" என்றாள் மதினி. "ஒங்க லேப் எதுக்கதான இருக்கு. அங்கன பாக்காம ஏன் படியேறி வந்திய?"

அவர் ஹாலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அங்கன... எல்லாத்தையும் பாக்கதில்ல மேடம்."

"பாக்காம என்ன செய்வீய?"

"கொட்டிருவோம்."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால இருக்கவியளுக்குக் கேக்கல."

"வாஷ்பேசின்ல கொட்டிருவோம்."

"எங்க வீட்டுக்காரர் ரத்தம்?"

அவருக்கு உதடு காய்ந்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டார். "ஒங்க வீட்டுக்காரர் ரத்தத்தயும் கொட்டிட்டேன். நான்தான் கொட்டுனேன்."

டோக்கன் கட்டு என் கையில் நனைந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் மனைவி கேட்டார்: "வருசா வருசம் எனக்குச் சுகரு பாத்தியளே, அது?"

அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே போன மதினி முதலில் கண்ட்ரோலை வைத்தாள். அது சரியாக வந்த பிறகு அந்த அம்மாளின் ரத்தத்தை வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாளுக்காக இல்லை, அந்தக் கோட்டைப் பார்க்க நின்றேன். அது வர வேண்டும், அந்த ஆள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் புரதம் பிரித்த பட்டை வந்தது. கோடு இல்லை. ஒன்றுமே இல்லை.

"சீ" என்றேன். மதினி என்னை முறைத்தாள். வெளியே போய் அந்த அம்மாளிடம், "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நார்மல். டிஸ்க் தேஞ்சிருக்கும், எலும்பு டாக்டரப் பாருங்க" என்றாள். அவர் மதினியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணாச்சி மட்டும் அசையாமல் நின்றார். "நெசமாவா மேடம்?"

"நார்மல்."

"நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேம்லா. இன்னும் என்ன கோவம்? இருக்கத இருக்குன்னு சொல்லிருங்க."

"நார்மல் அண்ணாச்சி."

அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் குளிர ஆரம்பித்தது. அந்த வார்த்தையை எப்படித் தயாரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இத்தனை காலம் அதை அவர்தானே தயாரித்தார்.

மனைவியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார், நார்மல் என்றார்கள். மதுரையில் நார்மல் என்றார்கள். நாகர்கோவிலில், "மெஷினத் தொறந்து வச்சுப் பாத்தியளா, கொட்டிட்டியளா?" என்று கேட்டு அடி வாங்காத குறையாகத் திரும்பி வந்தார். அதற்குள் ஹாலில் இருந்தவர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். எதிர் லேபின் ஷட்டர் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியிலேயே சரியாகிவிட்டது. இனி ஒரு சொட்டு ரத்தம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு சங்கரன்கோவிலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இவருக்குத்தான் தூக்கம் இல்லை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மத்தியானம் மறுபடி வந்தார். நெற்றியில் விபூதி இல்லை, சவரம் செய்யவில்லை, வேட்டி முழங்கால் வரை சேறு. கவுண்ட்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒங்க காலுல விழுதேன். அவளுக்கு இருக்கா, இல்லையா? ஒரு தடவ நெசத்தச் சொல்லிருங்க."

"சொல்லட்டுமா?" என்றாள் மதினி.

அவர் கண்ணாடியில் நெற்றி இடிக்க முன்னால் குனிந்தார்.

"நார்மல்" என்றாள்.

கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு உள்ளே வந்து கை கழுவினாள். நான் வழக்கம்போல ஒரு கரண்டி சோறு வைத்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுட்டி" என்றாள்.